என் கால் மேல் போட்ட பழி

என் இடது கால் போலியோவில் போனது. அப்போது எனக்கு இரண்டு வயது. அதற்காக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. ஓடிவந்து ஏற முடியாத என்னை விட்டுவிட்டுப் பேருந்துகள் கிளம்பியபோது போட்டதில்லை. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், காலிபர் மாட்டிய காலை நான் வாசற்படியில் தூக்கி வைத்ததுமே பெண்ணின் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அன்றும் போட்டதில்லை. ஐம்பத்தொன்றாவது வயதில், ஏசி போட்ட ஒரு கண்ணாடி அறையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பையன் குனிந்து என் காலைப் பார்த்தான். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க கியர்பாக்ஸ் போனதுக்கு இதுகூடக் காரணமா இருக்கலாம்" என்றான். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

இப்போது பேசுகிறேன். பேசாமல் இருந்து என்ன கண்டேன்?

நான் மடிப்பாக்கம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். மேடவாக்கத்தில் வாடகை வீடு. "ஆட்டோமேட்டிக் கார் வெச்சிருக்கீங்களா சார், வசதிதான்" என்று சொல்கிறவர்கள் உண்டு. சாதாரண காரில் மூன்று பெடல். எனக்கு உதவுகிற கால் ஒன்று. கிளட்சை யார் மிதிப்பது? எனக்கு ஆட்டோமேட்டிக்கை விட்டால் வேறு காரே கிடையாது. 2021 பிப்ரவரியில் வாங்கினேன். சொசைட்டிக் கடன், பிஎஃப் முன்பணம், மீதிக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான ஜிஎஸ்டி சலுகை. அந்தச் சலுகைக்கு அப்போது கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழ் வேண்டியிருந்தது. ஐந்து வருடத்துக்கு வண்டியை விற்க மாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. காலை யாராவது விற்பார்களா?

அம்மாவுக்கு 2022-லிருந்து டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், பல்லாவரத்தில், மத்தியான ஷிஃப்ட். பள்ளியின் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு, ரேடியல் சாலை வழியாக ஓட்டிப்போய் விட்டுவிட்டு, கடைசிப் பீரியடுக்குள் திரும்பிவிடுவேன். தலைமையாசிரியர் கண்டும் காணாமல் இருந்தார். நல்ல மனுஷன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர் காரின் ஹெட்லைட் வரை ஏறி இரண்டு நாள் நின்றது. வடிந்ததும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கே இழுத்துக்கொண்டு போனேன். வெளியே கொடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம்தான். 62,300 ரூபாய் பில். இன்சூரன்ஸ் பாதியைக் கொடுத்தது. அந்த பில்லின் ஏழாவது வரி எனக்கு மனப்பாடம். தண்ணீர் பட்ட கனெக்டர்கள், எர்த் பாயிண்ட்கள் அனைத்தும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டப்பட்டன என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தது. அனைத்தும். அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒரு மணி வெயில். கீழ்க்கட்டளை தாண்டி வண்டிகள் நெருக்கியடித்து நின்றிருந்தன. முன்னால் இருந்த வேன் நகர்ந்தது. நானும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. கியர் எண் காட்டுகிற இடத்தில் எண் இல்லை, வெறும் கோடு. பின்னால் ஹாரன் என்றால் அப்படி ஒரு ஹாரன். பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "இறங்கித் தள்ளுய்யா, சும்மா உக்காந்துட்டிருக்க" என்றான். நான் எப்படித் தள்ளுவேன்? காலிபரோடு தார் ரோட்டில் நின்று ஒரு டன் வண்டியைத் தள்ள முடியுமா? அதை அவனுக்கு எந்த பாஷையில் சொல்வது?

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா இறங்கிவிட்டாள். எழுபத்து மூன்று வயது. டயாலிசிஸுக்குப் போகிற நாள் என்றால் பாதம் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்தக் கையை டிக்கியில் வைத்துத் தள்ளினாள். கண்ணாடியில் பார்த்தேன். அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள், தண்ணிக்குடம் தூக்கப் போகிறவள் மாதிரி.

இதைப் பார்த்த பிறகுதான் ஹாரன் நின்றது. நான்கு பேர் ஓடிவந்து ஓரங்கட்டினார்கள். கால் மணி நேரம் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது.

அதுதான் அந்தக் கோளாறின் குணம். வரும், போகும். சில நாள் மூன்றாவது கியரில் பூட்டிக்கொண்டு மாட்டுவண்டி மாதிரி ஊரும். சில நாள் இழுவையே இருக்காது. நான் கணக்கு வாத்தியார் இல்லையா, ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். தேதி, நேரம், இடம், வேகம், ஏசி ஓடியதா, மழையா வெயிலா. ஜூலைக்குள் பதினொரு தடவை நின்றிருந்தது. பதினொன்றையும் எழுதி வைத்திருந்தேன். வாரண்டி அந்த பிப்ரவரியோடே முடிந்திருந்தது.

சர்வீஸ் சென்டருக்கு முதல் தடவை போனேன். சாஃப்ட்வேர் அப்டேட் என்று 2,800 வாங்கினார்கள். இரண்டாவது தடவை காலை எட்டரைக்கு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பிராப்ளம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை என் நோட்டை விரித்துக் காட்டினேன். அட்வைசர் வாங்கி மேசையில் வைத்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது டீ வந்தது. டம்ளரை அதன் மேல் வைத்தார். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வட்டக் கறை இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஜூன் 11-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் மேலே.

ஜூலை 15 அன்று வண்டியை உள்ளே விட்டேன். ஸ்கேனரைச் சொருகினார்கள். ஜாப் கார்டோடு ஒரு தாளைப் பின் பண்ணிக் கொடுத்தார்கள். அதில் மூன்று எண்கள். பி0700, யு0101, பி0562. "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் டெட் சார். டிசிஎம்னு சொல்லுவோம். மாத்தணும்" என்றார் அட்வைசர். நிச்சயமாகவா என்றேன். "நாங்க சொல்லல சார், ஸ்கேனரே சொல்லுது."

ஸ்கேனர் சொன்னதா? பின்னால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பி0700 என்பது இன்ஜின் கம்ப்யூட்டர் எழுதி வைத்த துண்டுச்சீட்டு. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ குறை சொல்கிறது, போய் அதனிடம் கேள் என்பதுதான் அதற்கு அர்த்தம். வேறொன்றும் இல்லை. யு0101 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேச்சு நின்றுவிட்டது. பேச்சு நின்றால் செத்துவிட்டதா? பிள்ளை போனை எடுக்கவில்லை என்றதும் பாடை கட்டுவார்களா? சார்ஜ் இல்லாமல் இருக்கலாம், டவர் கிடைக்காமல் இருக்கலாம் என்று நினைக்க மாட்டார்களா? அதே மாதிரிதான். அந்தக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம். ஃபியூஸ் போயிருக்கலாம். எர்த் விட்டிருக்கலாம். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இரண்டு கேன் வயர்களில் ஒன்று அறுந்திருக்கலாம். அதைப் பார்ப்பது பெரிய வித்தையா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் சொருகுகிற சாக்கெட்டில் 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள், பக்க இணைப்பில். பாதியாகும். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு இது. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

மூன்றாவது எண், பி0562. வோல்டேஜ் குறைவு. அவர்கள் ஸ்கேனரே, அவர்கள் தாளிலேயே, அவர்கள் பிரிண்டரிலேயே அடித்துக் கொடுத்த எண் அது. எனக்குக் கரண்ட் பத்தவில்லை என்று அந்தக் கம்ப்யூட்டர் கதறியிருக்கிறது. யார் கேட்டீர்கள்? ஒரு மல்டிமீட்டரை எடுத்து அளந்து பார்த்தீர்களா? ஒரு தடவை? ஒரே ஒரு தடவை?

முப்பது வருஷமாக நான் விடைத்தாள் திருத்துகிறேன். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பையனுக்கு முழு மார்க் போட்டதில்லை. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியிருப்பான், இல்லையென்றால் குத்துமதிப்பு. இவர்கள் எனக்குக் கொடுத்த விடைத்தாளில் வழியே இல்லை. நேராக விடை, அதுவும் தப்பு விடை. அந்தத் தப்புக்கு நான் காசு கட்டினேன். கம்ப்யூட்டர் 1,18,600. வண்டியின் சேசிஸ் நம்பருக்கு அதைப் பொருத்தி எழுதவும், கியர் மாறுகிற பழக்கத்தைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கவும் 14,500. பாகம் வெளிநாட்டிலிருந்து வரணும் என்றார்கள். வந்தது, மாட்டினார்கள். வண்டி என் கைக்கு வந்தது செப்டம்பர் 27. எழுபத்து நான்கு நாள்.

அந்த எழுபத்து நான்கு நாளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வரவில்லை.

ஆட்டோவில் கூட்டிப்போனேன். போகும்போது பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அம்மாவுக்குத் தலை நிற்காது. பிரஷர் இறங்கியிருக்கும். ஆட்டோவிலிருந்து இறக்கித் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். எனக்கே கையில் தடி. ஒரு நாள் வாசலில் இரண்டு பேருமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டோம். ஆட்டோக்காரர்தான் தூக்கிவிட்டார், காசும் வாங்க மாட்டேன் என்றார். அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை, கிளம்புகிற நேரத்தில், "இன்னிக்கு வேணாம்டா, உடம்பு லேசாத்தான் இருக்கு" என்றாள். உடம்பு லேசாக இல்லை. முகம் உப்பியிருந்தது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். அன்று விட்டுவிட்டேன்.

ஐந்து தடவை. டயாலிசிஸ் அட்டையில் தேதி போட்டு நர்ஸ் கையெழுத்துப் போடுகிற கட்டங்களில் ஐந்து காலி. என் கால் வலிக்கக்கூடாது என்று தன் ரத்தத்தை அழுக்காகவே வைத்துக்கொண்டாள் என் அம்மா. இதை எந்த பில்லில் எழுதுவீர்கள்? எத்தனை சதவீதம் ஜிஎஸ்டி?

புதுக் கம்ப்யூட்டர் போட்ட வண்டி ஒன்பது நாள் அருமையாக ஓடியது. நானும் சந்தோஷமாக அட்வைசருக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினேன். வெட்கம் கெட்டவன். அந்த ஒன்பது நாளும் காலாண்டு விடுமுறை. அம்மாவுக்கு விடிகாலை ஷிஃப்டில் தற்காலிகமாக இடம் கிடைத்திருந்தது. ஐந்தரைக்குக் கிளம்பினால் சாலை காலி, சிலுசிலுவென்று காற்று, ஏசி போட வேண்டிய அவசியமே இல்லை. அக்டோபர் 7, திங்கள்கிழமை, பள்ளி திறந்தது. மத்தியானம், ரேடியல் சாலை, நெரிசல், ஏசி. மஞ்சள் விளக்கு. எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. பின்சீட்டில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கதவுக் கைப்பிடியில் அவள் கை போகிற சத்தம் கேட்டது. "இறங்காதம்மா" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அம்மாவிடம் அப்படிக் கத்தியதில்லை.

மறுபடி சர்வீஸ் சென்டர். இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். முழு கியர்பாக்ஸும் மாற்றணும், 3,42,000 ரூபாய் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். புதுக் கம்ப்யூட்டர் போட்டும் நிற்கிறது, அப்படியானால் பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போகவே இல்லையா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பையன் குனிந்து என் காலைப் பார்த்தான்.

"எந்தக் கால்ல சார் ஓட்டுறீங்க?"

"வலது கால்ல."

"இடது கால்?"

"சும்மா இருக்கும்."

"சில பேர் சார், தெரியாமலே பிரேக் மேல ஒரு காலை வெச்சு அழுத்திட்டே ஓட்டுவாங்க. கியர்பாக்ஸ் ஹீட் ஆயிடும்."

இடது காலால் ஒரு பிரேக்கை அழுத்த முடிகிறவன் எதற்கடா ஆட்டோமேட்டிக் வாங்குவான்? இரண்டு வயதிலிருந்து இந்தக் கால் எதை அழுத்தியது? தரையையே அழுத்தியதில்லையே! ஜாப் கார்டில், குறிப்பு என்கிற இடத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள், வாடிக்கையாளர் ஓட்டும் முறை காரணமாக இருக்கலாம் என்று. வேண்டுமானால் எக்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது மாடல் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல விலை போட்டுத் தருகிறோம் என்று மேனேஜர் சொன்னார். ஐந்து வருஷம் விற்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் சார் என்றேன். "ஓ, நீங்க அந்த கோட்டாவா" என்றார்.

ஓட்டுகிறவன் மேல் பழியைப் போடுவது இவர்கள் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனியின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் கார்கள் குலுங்குகின்றன, இழுவை போகிறது என்று ஜனங்கள் புகார் சொன்னபோது, நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்றுதான் பலரிடமும் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. மனசாட்சிக்கு விரோதமாக நடந்துகொண்டார்கள் என்று 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. என் கார் அந்தக் கம்பெனியுடையது இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி, கடல் தாண்டி யாரோ என் தோளில் கை வைத்த மாதிரி இருந்தது.

வண்டியை வெளியே எடுக்கிறேன் என்றேன். பழுது பார்க்காமலே என் சொந்தப் பொறுப்பில் எடுத்துப் போகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். தீபாவளி கழிந்து நான்கு நாள். பள்ளி வேன் டிரைவர் சொல்லி, புதுப்பேட்டையில் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். டோயிங்குக்கு 4,000. ஆட்டோ எலக்ட்ரீஷியன். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு ஷட்டர், ஒரு மேசை, சுவரெல்லாம் வயர்.

அவர் ஸ்கேனரை எடுக்கவில்லை. பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "எப்பப்ப சார் நிக்குது?" என்று கேட்டார்.

ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். டீக்கறை மேல் விரல் வந்ததும், "இது இன்னா சார், ஜூனா ஜூலையா?" என்று கேட்டுத் தெளிவு பண்ணிக்கொண்டார். முடித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாமே வெயில் நேரம். எல்லாத்துலயும் ஏசி. எல்லாமே நிக்கற வண்டி, இல்ல ஊர்ற வண்டி. ரேடியேட்டர் ஃபேன் ஓடற நேரம் சார் இதெல்லாம்."

இன்ஜினை ஓடவிட்டார். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தார். சிவப்பு முனையில் ஒரு தையல் ஊசியைக் கட்டி, கம்ப்யூட்டருக்குப் போகிற கனெக்டரின் பின்பக்கம் எர்த் வயரின் ஓரமாக நுழைத்தார். எர்த்தும் மைனஸும் ஒன்றுதானே, நடுவில் வோல்டேஜே இருக்கக்கூடாது, மிஞ்சிப்போனால் 0.1 என்றார். 0.31 காட்டியது. "இப்ப ஏசி போடுங்க." போட்டேன். ஃபேன் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது. மீட்டரில் எண் குதித்தது. 3.64.

பதினாலு வோல்ட்டில் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. ஃபேனும் கம்ப்யூட்டரும் ஒரே இடத்தில் எர்த் எடுக்கின்றன. ஃபேன் ஓடாதவரை சமாளிக்கிறது. ஓடினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறது. பழைய கம்ப்யூட்டர் இருந்தால் என்ன, புதுக் கம்ப்யூட்டர் இருந்தால் என்ன?

எனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றோ என்னவோ, இன்னொன்றும் காட்டினார். இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பு ஒன்று, இரண்டு வயர் பற்றவைத்தது. ஒரு முனை பேட்டரியின் பிளஸில். மறுமுனையை மைனஸில் தொட்டார். பளீரென்று வெள்ளையாக எரிந்தது. அதே முனையை அந்த எர்த் வயரில் தொட்டார். சாகப்போகிற அகல் மாதிரி செம்மஞ்சளாக, உள்ளே இழை தெரிகிற அளவுக்கு மங்கி எரிந்தது. அதற்கு ஸ்கேனர் வேண்டாம், படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

வயரைத் தொடர்ந்து போனார். முன் பம்பரைக் கழற்றினார். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே, பாடியோடு இறுக்கிய ஒரு போல்ட். "தொட்டுப் பாருங்க." தொட்டேன், சுட்டது. டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு, ஊறுகாய் ஜாடி மூடியில் பூக்குமே அந்த மாதிரி. வயரின் மேல்தோல் சூட்டில் பழுப்பேறியிருந்தது. இரண்டு நாள் வெள்ளத்தில் நின்ற இடம் அது. ஸ்பேனரைப் போடப் போன பாய் சட்டென்று நிறுத்தி, டார்ச் அடித்து, "போட்டோ எடுத்துக்கங்க சார்" என்றார். போல்ட்டின் தலையிலிருந்து பாடி வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. வண்டி தயாரானபோது இறுக்கிவிட்டு அடையாளத்துக்குப் போட்ட கோடு. ஒருமுறை திருகினாலும் கோடு முறிந்து விலகிவிடும்.

கோடு முறியவே இல்லை.

ஏழாவது வரி. எர்த் பாயிண்ட்கள் அனைத்தும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டப்பட்டன. அனைத்தும். 62,300 ரூபாய். சுத்தமும் செய்யாமல், செய்தோம் என்று எழுதி, அதனால் வந்த கோளாறுக்கு நல்ல கம்ப்யூட்டரைப் பிடுங்கிப்போட்டு, அதுவும் சரியாகாமல் போனதும் நல்ல கியர்பாக்ஸைப் பிடுங்கப் பார்த்து, கடைசியில் என் காலைக் காட்டினீர்களே, இதற்கு என்ன பெயர்? கவனக்குறைவா? தொழில் தெரியாமையா? தெரியாது என்றால், தெரியாது என்று சொல்லியிருக்கலாமே. நான் திட்டியிருக்கவா போகிறேன்?

பாய் எமரி பேப்பர் போட்டு இரும்பு மினுங்கும்வரை தேய்த்தார். புது டெர்மினல், புது போல்ட், மேலே கொஞ்சம் கிரீஸ். ஏசி போட்டதும் ஃபேன் விர்ரென்று பிடித்தது. இத்தனை மாதமாக அது முனகித்தான் சுற்றியது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீட்டரில் 0.04. எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். இரண்டாயிரம் நீட்டினேன். அறுநூறைத் திருப்பிக் கொடுத்தார். பழைய போல்ட்டை ஒரு செய்தித்தாளில் மடித்து, "இது உங்களுக்கு வேணும் சார்" என்று என் சட்டைப்பையில் போட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அவரிடம் ஒன்று கேட்டேன். இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் பாய் பெரிய வண்டிகளைப் பார்ப்பதில்லை? "எங்கள யார் சார் உள்ள வுட்றாங்க? கம்பெனி ஸ்கேனர் எங்களுக்குக் குடுக்க மாட்டான். வயரிங் படம் குடுக்க மாட்டான்." அவர் சொன்னது புலம்பல் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் அதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்று, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கம்பெனிகள் வழக்குக்கும் மேல்முறையீட்டுக்கும் போயின. பத்து வருஷம் கழித்தும் பாய் தையல் ஊசியை வைத்துத்தான் வேலை பார்க்கிறார். கண்ணாடி அறைக்காரர்களிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது. அவர்கள் ஊசியை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

போட்டோவோடு மேனேஜரிடம் போனேன். பார்த்தார். "எர்த்தும் ப்ராப்ளமா இருந்திருக்கலாம் சார். அதுக்காக டிசிஎம் நல்லா இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். நியாயமான கேள்வி. பழைய கம்ப்யூட்டரைக் கொடுங்கள், மாட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். பழைய பாகம் எனக்கு வேண்டாம் என்று நானே டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். காகிதத்தைக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதான். டிக் என்னுடையது இல்லை. முப்பது வருஷமாக டிக் போட்டுச் சோறு தின்கிறவன் சார் நான். என் டிக் எனக்குத் தெரியாதா?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வாய்தா நடக்கிறது. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

அம்மா 2025 பிப்ரவரியில் போய்விட்டாள். கார் நின்றதால் செத்தாள் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். இருதயம் ஏற்கெனவே பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஐந்து நாளைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லிவிடுவார் என்று பயம். நவம்பரிலிருந்து கடைசிவரை நான்தான் ஓட்டிப்போனேன். கீழ்க்கட்டளை வந்தால் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். "இனிமே நிக்காதும்மா" என்பேன். "எனக்குத் தெரியும்டா" என்பாள். கையை எடுக்க மாட்டாள்.

சர்வீஸ் சென்டர்காரர்களே, அந்தக் கம்ப்யூட்டர் இப்போது எங்கே இருக்கிறது? உண்மையிலேயே ஸ்கிராப்பிலா? இல்லை, என்னைப் போல இன்னொருத்தர் 1,18,600 கட்டிவிட்டுப் புதிது என்று நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா? ஸ்கிராப்புக்குப் போட்டீர்கள் என்றால், போட்ட சீட்டு எங்கே? அதில் ஒரு நம்பர் இருக்குமே, அது எங்கே? என் கால் மேல் எழுதிய அந்த ஒரு வரியை யார் அடித்துத் திருத்தப்போகிறீர்கள்?

ஒரு நாள் சொல்லுங்கள், வருகிறேன். பாயையும் கூட்டி வருகிறேன். உங்கள் பணிமனையிலேயே, உங்கள் ஆட்கள் முன்னாலேயே மாட்டிக் காட்டுகிறேன் என்கிறார், காசு வேண்டாம் என்கிறார். மத்தியானமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் போல்ட்டைக் கொண்டுவருகிறேன். நீங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டுவாருங்கள்.